உலையின் வயது

ஆம்பூரின் டேனரிகளையும் வேலூரையும் கடந்து செல்லும் நம் பாலாறு வயலூர் அருகே கடலோடு கலக்கிறது. அந்த முகத்துவாரத்திற்குச் சற்று வடக்கே, கல்பாக்கத்தில், சென்னை அணுமின் நிலையம் நிற்கிறது. ஆகையால் வேலூரை அடுத்த பாகாயத்தில் இருந்துகொண்டு அதன் க்ஷேமத்தை விசாரிப்பது வீண் ஆவலாகாது. அங்கே முதல் உலையில் 1983 ஜூலை 2ஆம் தேதி தொடர்வினை தொடங்கியது. இரண்டாவது உலை 1986 மார்ச்சில் வர்த்தக உற்பத்திக்கு வந்தது. மனிதனுக்கானால் இது நடுவயது. உலைக்கு முதுமை என்பார்கள். ஆனால் உலையின் முதுமையைப் பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கணிப்பது சரியன்று என்பதே என் கட்சி. அந்த முதுமை அதன் குழாய்களில் இருக்கிறது.

கல்பாக்கத்து வகை உலையில், கனநீர் நிரம்பிய பெரியதொரு கலத்தின் ஊடே 306 குழாய்கள் கிடையாகச் செல்கின்றன. யுரேனியத்தைத் தாங்குவனவும், ஏறக்குறைய 290 டிகிரி வரை சூடேறி மிகுந்த அழுத்தத்தோடு ஓடும் கனநீரை அடக்கி வைப்பனவும் இவையே. இவற்றின் கனமோ சுமார் 4 மில்லிமீட்டர்தான். ஒவ்வொன்றையும் குளிர்ந்த மற்றொரு குழாய் சூழ்ந்திருக்க, இரண்டும் தொடாதபடி இடையே வளைய ஸ்பிரிங்குகள் காவல் இருக்கின்றன. நாளாவட்டத்தில் உட்குழாய் நீரிலிருந்து கனஹைட்ரஜனைக் கொஞ்சங்கொஞ்சமாக உறிஞ்சுகிறது. நியூட்ரான்களின் தாக்குதலால் நீண்டு நடுவில் தொய்கிறது. ஸ்பிரிங் இடம் பெயர்ந்துவிட்டாலோ வெளிக்குழாயின் மேல் படிந்துவிடுகிறது. படிந்த அந்தக் குளிர்ந்த இடத்தை நாடி ஹைட்ரஜன் திரண்டு, கொப்புளமாகி, உலோகத்தை நொறுங்கும்படி செய்துவிடும். பார்வைக்குப் பதமாகத் தோன்றும் தோல் மடித்தவுடன் வெடிப்பதை நம் டேனரிக்காரர்கள் அறிவார்கள், இதுவும் அப்படித்தான்.

கல்பாக்கத்து உலை பிறந்து ஒரு மாதங்கூட ஆகாத நிலையில், 1983 ஆகஸ்ட் 1ஆம் தேதி, கனடாவின் பிக்கரிங் நிலையத்தில், கல்பாக்கத்திலும் இருந்த அதே ஜிர்க்கலாய்-2 என்னும் ஜிர்க்கோனியக் கலவையாலான குழாயொன்று ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. உலையை அபாயமின்றி நிறுத்திவிட்டார்கள் என்பது ஆறுதல். ஆயினும் நம் குழாய்களுக்கும் என்ன காத்திருக்கிறது என்பது அன்றே தெரிந்துபோயிற்று.

அதற்குப் பரிகாரம் எல்லாக் குழாய்களையும் கழற்றிப் புதியன பொருத்துவதே. கதிரியக்கம் மிக்க அவ்விடத்தில், பெரும்பாலும் தூரத்திலிருந்து இயக்கும் கருவிகளைக் கொண்டு செய்யவேண்டிய இவ்வேலையை, ராஜஸ்தானத்து ராவத்பாட்டாவின் இரண்டாம் உலையில் 1990களில் பழகிக்கொண்ட நம் பொறியாளர்கள், கல்பாக்கத்தில் இரண்டாம் உலைக்கு 2002-03லும், முதல் உலைக்கு 2003 முதல் 2006 வரையிலும் செய்து முடித்தார்கள். புதிய குழாய்கள் ஜிர்க்கோனியத்தில் 2.5 சதவீதம் நியோபியம் சேர்ந்தவை. ஹைட்ரஜன் மீது இவற்றுக்கு ஆசை குறைவு. குழாயின் உட்புறத்திலிருந்து மெல்லிய சீவலொன்றைச் சுரண்டியெடுத்து ஹைட்ரஜனை அளக்கும் கருவியும் நம்மவர்கள் அமைத்ததே. சந்தேகம் தீரக் குழாயையே வெட்டியெடுக்க வேண்டிய அவசியம் இதனால் குறைந்தது.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, முதல் உலை இந்தச் சிகிச்சைக்காக நின்றிருந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை, கடல்நீர்ப் பம்புகள் மூழ்கியதும் பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஜப்பானின் புகுஷிமா அணு விபத்துக்குப் பின், மின்சாரம் அடியோடு போனாலும் வெளியிலிருந்து உலைக்குத் தண்ணீர் செலுத்துவதற்கான இணைப்புகள் இந்திய நிலையங்களில் சேர்க்கப்பட்டன. பழைய யந்திரத்துக்குப் புதிய புத்தி புகட்டுவது சாத்தியமே.

எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். ராவத்பாட்டாவின் முதல் உலை, முனைக் கவசத்தில் 1981இல் கண்ட விரிசலோடு மல்லுக்கட்டி, 2004இல் நின்றேபோயிற்று. கல்பாக்கத்து முதல் உலையும் 2018 ஜனவரியில் நிறுத்தப்பட்டு, அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஓடவில்லை. நிறுத்தத் தெரிந்தவர்களிடந்தான் ஆயுள் நீட்டிப்பை நம்பி ஒப்படைக்கலாம். அந்த நம்பிக்கை வளர வேண்டுமானால், எத்தனை குழாய்களைப் பரிசோதித்தார்கள், எதில் என்ன கண்டார்கள் என்பதை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஆண்டுதோறும் எளிய தமிழில் அச்சிட்டு, பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்து மீனவரும் கேட்டு வாங்கிப் படிக்கும்படி பஞ்சாயத்து அலுவலகங்களில் வைக்க வேண்டும்.