வீட்டை வாங்கிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த நம் முன்னோர்கள், வீட்டை வாங்கிப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அக்காலத்தில் வீட்டை விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே தெருக்காரர்கள். எந்த வீட்டில் எந்தச் சுவரில் ஓதம் ஏறும் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். இன்றோ, முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து, ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் கொட்டி வீடு வாங்குகிறோம். ஆகவே, இஞ்சினீயர் ஒருவரை அழைத்து வந்து வீட்டைப் பரிசோதித்த பிறகே கிரயம் பேசும் வழக்கம் நம்மவரிடையே மெல்லப் பரவி வருகிறது. நல்ல வழக்கந்தான். ஆனால் அப்பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அறியாமல், அதை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. நாமும் அப்படித் தூங்கியவர்களே.

சில ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் பழைய வீடு ஒன்றுக்கு விலை பேசினோம். மெட்ராஸ் டெரஸ் போட்ட வீடு. அதாவது, தேக்கு விட்டங்களை வரிசையாகச் சுவரில் பதித்து, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்பில் நெருக்கி நிறுத்தித் தளம் போடுவது. நாம் பார்க்கப் போனது சித்திரை மாதம். வீடு முழுவதும் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். இஞ்சினீயர் நாணயமானவர். இரண்டு மணி நேரம் மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினார், சுவர்களைத் தட்டினார், குழாய்களைத் திறந்து மூடினார், ஒன்பது பக்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார். சில்லறைக் குறைகள் சில. மற்றபடி நல்ல நிலைமை என்று கண்டிருந்தது.

கூடத்தில் மேற்குச் சுவரை ஒட்டிப் பெரிய பீரோ ஒன்று நின்றது. நமது சகதர்மிணி மெதுவாக, "பீரோவுக்குப் பின்னால் சுவர் எப்படி இருக்கிறதென்று பார்க்கச் சொல்லுங்களேன்" என்றாள். "பிறத்தியார் வீட்டுப் பீரோவை நகர்த்தச் சொல்வது மரியாதையாகுமா?" என்று அவளை அடக்கினோம்.

பத்திரம் பதிவாகிச் சாவியும் கைக்கு வந்தது. கதவைத் திறந்தபோது பீரோ இல்லை. அது நின்ற இடத்தில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு மண்கோடு ஏறி, விரிசல் ஒன்றுக்குள் மறைந்திருந்தது. துடைப்பத்தால் தட்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். ஐப்பசி மழையில் கூடத்துத் தளம் ஒரு மூலையில் இறங்கியது. கொத்தனார் சுவரை உடைத்துப் பார்த்தபோது, சுவருக்குள் பதிந்திருந்த மூன்று விட்டங்களின் முனைகளைக் கறையான் மாவாக்கியிருந்தது. வெளியே தெரிந்த பாகமோ பளபளவென்று வார்னிஷ் பூசி நின்றது! நம் பெண்ணின் கல்லூரிப் படிப்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் விட்டம் மாற்றப் போயிற்று. திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்க ஆசைப்பட்டவள் உள்ளூரிலேயே சேர்ந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நமக்கு அதிக வேதனையாக இருந்தது.

கண்ணுக்கு எட்டிய மட்டும்

இஞ்சினீயரைக் குறை சொல்லலாமா? அறிக்கையின் கடைசிப் பக்கத்தை அப்போதுதான் படித்தோம். 'கண்ணுக்குத் தெரிந்த பாகங்களை மட்டுமே பார்வையிட்டோம். மேற்குச் சுவரில் பீரோ இருந்தபடியால் அப்பகுதியைப் பார்க்க இயலவில்லை' என்று எழுதியிருந்தது. அவர் சொல்லாமல் விடவில்லை; நாம்தான் படிக்காமல் விட்டோம்.

வீட்டுப் பரிசோதனையின் தன்மை இதுவே. விற்பவருக்குச் சொந்தமான வீட்டில் சுவரை உடைக்கவும் தரையைப் பெயர்க்கவும் யாருக்கும் அதிகாரமில்லை. சுவருக்குள் ஓடும் குழாயும், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்கும் கம்பியும், மண்ணுக்குள் நிற்கும் அஸ்திவாரமும் கண்ணுக்கு எட்டாதவை. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கு மேல் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். பிளந்த பிறகே நமக்குத் தெரியும். சுத்தியல் போன்ற கருவியைக் கான்கிரீட்டின் மீது அழுத்திப் பலம் காண்பதுண்டு. அது உண்மையில் மேற்பரப்பின் கடினத்தையே அளக்கிறது. அதைக் கொண்டு பலத்தைக் கணித்தால் நூற்றுக்கு 25 பங்கு வரை கூடவோ குறையவோ இருக்கலாமென்று 1992ல் வெளியான இந்தியத் தர நிர்ணயமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

மேலும், பரிசோதனை என்பது ஒரு நாள் காட்சி. சித்திரையில் பார்த்தவருக்கு ஐப்பசி தெரியாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகள் பலவற்றை அதற்கு முந்திய கோடையில் பார்த்திருந்தால், சுவரில் ஒரு ஈரப் பொட்டுக்கூடக் கண்டிருக்க முடியாது.

பழைய வீட்டுக்குத்தான் இந்தக் கவலை என்று எண்ண வேண்டாம். 2014 ஜூன் 28ந் தேதி, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அதன் அருகே அதே மாதிரியில் எழுந்த மற்றொரு கட்டடம் நிமிர்ந்தே நின்றது. ஆயினும் அதுவும் ஆபத்தென்று கண்டு, 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நிமிர்ந்து நிற்பது ஒன்றே உறுதிக்கு அத்தாட்சி ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

விற்றவர் மீது வழக்குத் தொடரலாமா என்று வக்கீல் நண்பரைக் கேட்டோம். 1882ம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55வது பிரிவை அவர் எடுத்துக் காட்டினார். விற்பவர் தமக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத முக்கியக் குறைகளை வெளியிடக் கடமைப்பட்டவர். ஆனால், சாதாரண ஜாக்கிரதையுடன் பார்த்தால் வாங்குபவரே கண்டுபிடித்திருக்கக் கூடிய குறைக்கு இந்தக் கடமை இல்லை. "பீரோவை நகர்த்தியிருக்கலாமே என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றார் நண்பர். விற்றவருக்குக் குறை தெரிந்திருந்தது என்பதற்கும் நம்மிடம் சாட்சியமில்லை. வாய் மூடித் திரும்பினோம்.

கட்டி விற்கும் நிறுவனத்தாரிடம் புதிதாக வாங்குவோருக்கு 2016ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை காணப்பட்டு, அதைத் தெரிவித்தால், 30 நாட்களில் செலவு வாங்காமல் சரி செய்து தர வேண்டும். பழைய வீட்டை ஒரு குடும்பத்தாரிடமிருந்து வாங்குகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

என்ன செய்யலாம்?

பரிசோதனை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவசியம் வேண்டும். பாங்கிலிருந்து வருகிற இஞ்சினீயர் கடனுக்கு ஈடாக வீட்டை மதிப்பிட வருகிறவர். அவரை நம் பரிசோதகராக எண்ணிவிடக் கூடாது. நமக்கென்று ஒருவரை அமர்த்திக்கொண்டு, அறிக்கை வந்ததும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்க வேண்டும். 'பார்க்க இயலவில்லை' என்று எழுதிய இடங்கள் எவையோ, அவையே நாம் மறுபடி போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். கூடுமானால் ஒரு மழைக்குப் பிறகு இன்னொரு முறை பார்ப்பது நலம். அண்டை வீட்டாரிடம், சென்ற வெள்ளத்தில் எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது என்று கேட்கலாம். ஓதம், கறையான், ஒழுக்கு ஆகியவை பற்றி விற்பவரிடம் கேள்வி எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் உதவும். பழுதுக்கென்று கொஞ்சம் பணத்தைத் தனியே ஒதுக்கிய பிறகே விலைக்குச் சம்மதிப்பது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டைப் பார்க்கப் போகும்போது குடும்பத்தாரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் ஏதாவது கேட்டால், மரியாதை என்ற பெயரில் அவர்கள் வாயை அடைக்காதீர்கள். இப்போது நம் கூடத்து மேற்குச் சுவரில் எந்தச் சாமானையும் வைப்பதில்லை. அதை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். சகதர்மிணி அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.