தலையில் அடிபட்ட பிள்ளையும் ஒரு வாரப் போட்டியும்

ஏப்ரல் கடைசியில் கனடாவில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான தேசிய ஐஸ் ஹொக்கிப் போட்டி நடக்கும். ரெலஸ் கிண்ணம் என்பது அதன் பெயர். ஐந்து பிராந்தியங்களில் வென்ற அணிகளும் போட்டியை நடத்தும் ஊரின் அணியுமாக ஆறு அணிகள் களம் இறங்கும். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் மோத வேண்டும். அதன்பின் அரையிறுதி, பதக்க ஆட்டம். எல்லாம் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த ஒரு வாரக் கணக்குத்தான் ஆபத்து. மூளையதிர்ச்சிக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்ப கனடாவில் பின்பற்றப்படும் வழிமுறையில் ஆறு படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் வேண்டும். அறிகுறி கூடினால் முன்னேற்றத்தை நிறுத்தவேண்டும். உடல் மோதும் பயிற்சிக்குப் போகுமுன் மருத்துவரோ நேர்ஸ் பிராக்டிஷனரோ அனுமதி தரவேண்டும். முதல் ஆட்டத்தில் தலையில் அடிபட்ட பிள்ளை எவ்வளவு வேகமாகத் தேறினாலும் இறுதி ஆட்டத்துக்குள் இந்தப் படிகளைக் கடப்பது நடைமுறையில் முடியாத காரியம். பிள்ளைக்கும் இது தெரியும். அதனால்தான் அவன் தலைவலியை மறைக்கிறான். மாடத்தில் பெரிய அணிகளுக்கு ஆள் தேடுவோர் அமர்ந்திருக்கும் வாரத்தில், இன்றைக்கு ஆடமுடியாது என்று பதினேழு வயதுப் பிள்ளை தானாகச் சொல்வான் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது. சொல்லவேண்டியது பெரியவர்கள்.

சொல்லாமல் மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று, ஒட்டாவாவைச் சேர்ந்த 17 வயது ரக்பி வீராங்கனை ரோவன் ஸ்ட்ரிங்கர். 2013 மே மாதத்தில், சில நாட்களுக்குள் நடந்த ஆட்டங்களில் அவளுக்குத் தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டது. தனக்கு மூளையதிர்ச்சியோ என்ற சந்தேகத்தைத் தோழிகளுக்குக் குறுஞ்செய்தியில் எழுதினாள். இணையத்திலும் தேடிப் பார்த்தாள். அந்தச் சந்தேகம் பெற்றோருக்கும் பயிற்றுநருக்கும் எட்டவில்லை. முதல் அடியிலிருந்து ஆறாத மூளையில் மறுபடி அடி விழுந்து அவள் இறந்துபோனாள். 2015இல் நடந்த மரண விசாரணையின் நடுவர் குழு 49 பரிந்துரைகளை முன்வைத்தது. அதன் விளைவாக ஒன்ராறியோவில் 2018இல் ரோவன் சட்டம் நிறைவேறி, 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் பிள்ளைகளை ஹொக்கியில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோர், பருவத் தொடக்கத்தில் இந்தச் சட்டத்துக்கான படிவத்தில் கையெழுத்து வைத்திருப்பார்கள். அநேகமானோர் அதை வாசிக்காமலே வைத்திருப்பார்கள். தயவுசெய்து ஒருமுறை வாசியுங்கள். மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை உடனே ஆட்டத்திலிருந்து விலக்கவேண்டும் என்பது அதில் உள்ள கடமை. உறுதியான நோயறிதலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோருக்கு அறிவிக்கவேண்டும். மருத்துவரோ நேர்ஸ் பிராக்டிஷனரோ அனுமதி தராமல் பயிற்றுநர் பிள்ளையைத் திரும்ப இறக்க முடியாது. “பெரிய ஆட்டம், இன்று மட்டும்” என்று யாராவது கேட்டால் மறுப்பது உங்கள் உரிமை. அப்படி மறுப்பது அணிக்குச் செய்யும் துரோகமும் அல்ல. இந்தச் சட்டம் ஒன்ராறியோவுக்குரியது. ஆனால் மற்ற மாகாணங்களிலும் தேசிய ஹொக்கி அமைப்பான ஹொக்கி கனடாவின் மூளையதிர்ச்சிக் கொள்கை அதன் அணிகளைக் கட்டுப்படுத்தும்.

மயங்கி விழுந்தால்தான் மூளையதிர்ச்சி என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அது தவறு. பெரும்பாலானோருக்கு நினைவு தப்புவதில்லை. மந்தமான பதில், வெளிச்சம் கூசுதல், தலைசுற்று, காரணமில்லாத எரிச்சல் இவையும் அறிகுறிகள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கழுத்து வலி, கைகால் மரத்துப்போதல் என்றால் 911ஐ அழையுங்கள். வீட்டுக்குக் கூட்டிவந்து தூங்கவைக்க வேண்டாம்.

விதிகளை மாற்றினால் காயங்களைக் குறைக்கலாம் என்பதற்கு ஹொக்கியிலேயே சான்று உண்டு. உடலால் இடித்து ஆடுவதை அனுமதித்த அல்பேர்ட்டாவையும் தடுத்த கியூபெக்கையும் 11, 12 வயதுப் பிள்ளைகளிடையே ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. அல்பேர்ட்டாவில் காயமடையும் ஆபத்து மும்மடங்குக்கு மேல் இருந்தது. 2013இல் ஹொக்கி கனடா அந்த வயதினருக்கு இடிப்பதைத் தடைசெய்தது.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அங்கீகாரம் பெற்ற போட்டியில் பதிவுசெய்த வீரருக்கு ஹொக்கி கனடாவின் காப்புறுதி உண்டு. அடிபட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் காய அறிக்கையை அனுப்பவேண்டும். மாகாண மருத்துவக் காப்பும் வேலையிடக் காப்புறுதியும் கொடுத்தது போக மிச்சத்துக்கே அது உதவும். பல் உடைந்தால் அந்த மிச்சமே பெரிய தொகை. அங்கீகாரமில்லாத போட்டிக்கு இந்தக் காப்பு கிடையாது. எனவே பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

பிள்ளை மறைக்கும் காயம் வேறொன்றும் இருக்கிறது. நிறத்தையும் பூர்வீகத்தையும் சொல்லி ஏசினால் அது ஹொக்கி கனடாவின் 11.4ஆம் விதியின்கீழ் குற்றம். ஏசியவர் விசாரணை முடியும்வரை இடைநிறுத்தப்படுவார். நடுவர் கேட்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். 2021–22 பருவத்தில் பதிவான 927 பாகுபாட்டுச் சம்பவங்களில் 415, நடுவர் தண்டம் விதிக்காமல் முறைப்பாடாக வந்தவை. எந்த ஆட்டம், எந்த நேரம், யார் கேட்டார்கள் என்பதை அன்றிரவே எழுதி அனுப்புங்கள். உள்ளூர்ச் சங்கத்தில் நம்பிக்கை இல்லையென்றால் ஹொக்கி கனடாவின் சுயாதீன முறைப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் கனடிய விளையாட்டு உதவித் தொலைபேசி, 1-888-837-7678, இலவசமாக வழிகாட்டும்.

இன்னும் ஆழமாக மறைக்கப்படும் காயமும் உண்டு. முன்னாள் என்எச்எல் ஹொக்கி வீரர் ஷெல்டன் கென்னடி, இளம் வயதில் தன் பயிற்றுநரால் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதை 1996இல் காவல்துறையிடம் சொன்னார். அந்தப் பயிற்றுநர் கிரகம் ஜேம்ஸ் அடுத்த ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். தேசியப் போட்டிகளுக்குப் பிள்ளைகள் வீட்டை விட்டுத் தொலைவில் போய்த் தங்குகிறார்கள். யாரோடு, எந்த அறையில், உடைமாற்றும் அறையில் பெரியவர்கள் இருவர் இருப்பார்களா என்று கேளுங்கள். நல்ல அணி இதற்குக் கோபிக்காது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் எழுந்தால், ஒன்ராறியோவில் சிறுவர் நலச் சங்கத்துக்குத் தெரிவிப்பது எல்லோருக்குமான சட்டக் கடமை. பதினாறு, பதினேழு வயதினர் குறித்தும் தெரிவிக்கலாம். ஆதாரம் கையில் இருக்கவேண்டியதில்லை. அணி மேலாளரிடம் சொன்னதோடு கடமை தீராது, நீங்களே அழைக்கவேண்டும்.