முள் விழுந்தால் மூச்சு நிற்கும்

பழைய கார்களில் இன்ஜினிலிருந்து டாஷ்போர்டுக்கு ஓடும் மெல்லிய ஆயில் குழாயை மாற்றுவது சில்லறை வேலைதான். அலட்சியமாகச் செய்தால் அதன் விலை சில்லறையில் முடியாது.

குளிர்காலம் வந்துவிட்டால் கொல்கத்தாவின் பழைய கார் பிரியர்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1960களில் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் தொடங்கிவைத்த விண்டேஜ் கார் பேரணி அந்த நகரத்தின் பருவகாலச் சடங்குகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. பேரணிக்கு முன்பு வரும் வாரங்களில் பெயின்ட் பளபளக்கும், குரோமியம் மின்னும், சீட்டுகளுக்குப் புதுத் தோல் ஏறும். ஆனால் வழியில் காரை நிறுத்திவிடும் பொருள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டதில் ஒன்று, பென்சிலைவிட ஒல்லியான ஒரு செப்புக் குழாய்.

இன்றைய கார்களில் ஆயில் அழுத்தம் குறைந்தால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். 1940, 50களின் கார்களிலும் வில்லிஸ் ஜீப்பிலும் ஏற்பாடு வேறு. இன்ஜினின் ஆயிலே ஒரு குழாய் வழியாக டாஷ்போர்டு வரை வந்து முள்ளைத் தள்ளும். மீட்டருக்குள்ளே வளைந்த, தட்டையான ஒரு பித்தளைக் குழல் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளுக்குக் கொடுக்கிறது. பிரெஞ்சுக்காரரான யூஜின் போர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. மின்சாரம் தேவையில்லை, ஃபியூஸ் போகாது. அதனால்தான் பழைய கார்க்காரர்கள் விளக்கை நம்புவதில்லை, முள்ளை நம்புகிறார்கள்.

நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு. சூடான ஆயில், சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அழுத்தத்தில், ஓட்டுபவரின் முழங்காலுக்குச் சில அங்குலம் தள்ளி நின்றுகொண்டிருக்கிறது. குழாய் டாஷ்போர்டுக்குப் பின்னால் விரிசல் விட்டால் வேட்டியோ பேன்ட்டோ பாழ். பானெட்டுக்குள் விரிசல் விட்டால் நிலைமை இன்னும் மோசம். பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஆயில் பீய்ச்சினால் புகை கிளம்பும், சில சமயம் தீயும் பிடிக்கும். யாரும் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே போனால் சம்ப்பில் இருக்கும் ஆயில் வெளியேறி, பேரிங்குகள் காய்ந்து, கிராங்க் ஷாஃப்ட் கீறல் விழும். உதிரி பாகம் கிடைக்காத காருக்கு அது ஏறக்குறைய மரண தண்டனை.

செப்பு ஏன் உடைகிறது?

ரப்பர் மவுன்ட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் ஆடிக்கொண்டே இருக்கும். டாஷ்போர்டு ஆடாது. இரண்டையும் இணைக்கும் குழாய் ஒவ்வொரு நொடியும் வளைந்து நிமிர்கிறது. செப்பு மென்மையானது என்றாலும் வளைய வளைய இறுகிவிடும். இறுகியது ஒருநாள் நட்டின் ஓரத்தில் மயிரிழையாக விரியும். இதைத் தெரிந்துதான் அந்தக் காலத்து எஞ்சினியர்கள் இன்ஜின் பக்கத்தில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் வைத்தார்கள், அல்லது செப்புக் குழாயையே ஓரிரு சுற்று ஸ்பிரிங் போலச் சுற்றிவிட்டார்கள். பல ஒர்க்‌ஷாப்புகளில் குழாயை மாற்றும்போது முதலில் காணாமல்போவது இந்தச் சுற்றுதான். நேராக இழுத்தால் குழாய் மிச்சம், பார்க்கவும் சுத்தம். ஆனால் சில மாதங்களில் மீண்டும் விரிசல்.

கொல்கத்தா மிஸ்திரிகளிடம் எதற்கும் ஒரு பதில் உண்டு: ‘சொல்பே, தாதா.’ ஓடும் அண்ணா, இதுவே போதும் என்று அர்த்தம். விரிசல் விட்ட குழாயை நசுக்கி ஈயம் வைத்து அடைத்துவிட்டால் கசிவு நின்றுவிடும். முள்ளும் பூஜ்யத்தில் நின்றுவிடும். கார் ஓடத்தான் செய்யும், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. குழாயில் அழுக்கு அடைத்து முள் எழாமல்போனால், ஆயில் பம்ப் போய்விட்டது என்று இன்ஜினையே இறக்கிவிடுகிறார்கள். சில அடி நீளக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்திருந்தால் போதும்.

அங்குலமும் மில்லிமீட்டரும்

கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் சாலையின் ஒரு பக்கம் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத் உறங்கும் பழைய கல்லறைத் தோட்டம். எதிரே, இறந்த கார்களின் அங்கங்களுக்கு மறுபிறவி தரும் கடைகள். இந்த நகரத்துக்கு பிரிட்டிஷ் இன்ஜின்கள் அன்னியமல்ல. பக்கத்தில் உத்தர்பாராவில் 2014 வரை அம்பாசடர் தயாரானது. அதில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். பேரிங், கேஸ்கெட் என்று கேட்டால் யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சிக்கல் வருவது சின்ன நட்டுகளில்தான்.

பிரிட்டிஷ் குழாய் மரையில் எட்டில் ஒரு அங்குல அளவுக்கு, ஒரு அங்குல நீளத்தில் 28 சுற்று இருக்கும். அமெரிக்க மரையில் அதே அளவுக்கு 27. பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஒன்றில் மற்றதைத் திருகினால் முதல் இரண்டு மூன்று சுற்று சாதுவாக ஏறும். பிறகு இறுகும். சரியாகப் பிடித்துவிட்டது என்று ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் இன்ஜின் பிளாக்கின் மரை நாசம். ஜீப்புக்கு வாங்கியதை மோரிஸுக்குப் போடும் அவசரத்தில் இப்படிக் கெட்டுப்போகும் பிளாக்குகள் உண்டு. பழைய ஃபிட்டிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு போய், மரை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

குழாயிலும் இதே கதை. பதினாறில் மூன்று அங்குலம் என்பது 4.76 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் குழாய் பழைய நட்டுக்குள் நுழையாது, 4 மில்லிமீட்டர் கொளகொளக்கும். ஆனால் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக்குகளுக்கான கடைகளில் செப்புக் குழாய் இன்றும் அங்குலக் கணக்கில்தான் விற்கிறது. கார் கடையில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

செய்யும் முறை

வேலை ஒரு மதியத்தில் முடியும். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். டாஷ்போர்டுக்குப் பின்னால் செப்புக் குழாய் அம்மீட்டர் முனையில் பட்டால் ஷார்ட் சர்க்யூட்தான். குழாயே ஹீட்டர் கம்பியாகிவிடும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பழைய குழாய் போகும் பாதையைக் குறித்துக்கொண்ட பிறகே கழற்ற வேண்டும். எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று பிளாக்கில் இருக்கும் அடாப்டரைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் அடாப்டர் முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும்.

புதுக் குழாயை நறுக்கியதும் வாயோரத்துப் பிசிறைச் சுரண்டி, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு துணுக்குச் செப்பு போதும், மீட்டரின் ஊசித்துளை அடைத்துக்கொள்ள. குழாய் விறைப்பாக இருந்தால் மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி இளகும். குழாயில் மாட்டும் ஆலிவ் எனப்படும் பித்தளை வளையம் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். அது நசுங்கித்தான் ஆயிலை அடைக்கிறது, மரை அல்ல. எனவே அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவது வீண். பிய்ந்த நூல் உள்ளே போனால் வினை. மீட்டர் பக்கத்தில் பல பிரிட்டிஷ் கார்களில் மிளகளவு தோல் வாஷர் ஒன்று இருக்கும். பழைய குழாயோடு அது குப்பைக்குப் போய்விடும். அதில்லாமல் எவ்வளவு முறுக்கினாலும் கசியும்.

இன்ஜின் பக்கம் சுற்று விட்டு, தகரத்தைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் மாட்டி, எக்ஸாஸ்ட்டிலிருந்து ஒதுக்கிக் கிளிப் போட்டால் முடிந்தது. ஸ்டார்ட் செய்ததும் காகிதத்தால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பார்க்கலாம். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை.

நைலானா செப்பா?

செப்புக்குப் பதில் நைலான் குழாய் போடலாமா என்பதில் இரண்டு கட்சி. நைலான் மலிவு, ஆட்டத்தில் விரியாது, உள்ளே ஆயில் ஏறுவது தெரியும். ஆனால் சூட்டில் இளகும், தகர விளிம்பில் உரசி அறுபடும். பழமைக்கு மதிப்பெண் போடும் நடுவர்களின் கண்ணையும் உறுத்தும். 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்காக மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த தனிப் பதிவு விதியும் அசல் வடிவத்தைத்தான் கேட்கிறது. 20,000 ரூபாய் கட்டினால் ‘விஏ’ எழுத்துகளோடு 10 ஆண்டுக்குப் பதிவு. பேரணி, கண்காட்சி, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் வரலாம். ஒரு குழாய்க்காக யாரும் பதிவை மறுக்கப்போவதில்லை. ஆனாலும் அசல் என்ற சொல் உரிமையாளர்களின் மனதில் கனக்கிறது. இன்ஜின் பக்கம் நல்ல ஹோஸ், டாஷ்போர்டு பக்கம் செப்பு என்ற பழைய ஏற்பாடு இரண்டு கட்சிக்கும் பாலம்.

பேரணி நாள் காலையில் கொடி அசைவதற்கு முன் ஒவ்வொரு காரிலும் ஒரு சின்ன மௌனம் நிலவும். சாவி திரும்பும், இன்ஜின் இருமும், கண்கள் டாஷ்போர்டுக்குப் போகும். முள் ஒரு கணம் தயங்கி, நடுங்கி, மெல்ல 50ஐ நோக்கி எழும். அதற்குப் பிறகுதான் ஓட்டுபவர் கூட்டத்தைப் பார்த்துக் கையசைப்பார்.