கப்பலில் ஒரு மாதம். மைதானத்தில் 80 நிமிடம்!

அவலூர்பேட்டைச் சடுகுடு கோஷ்டிக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்து ஓர் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இரவு ஆட்டம். களத்தில் ஆட 7 பேர். மாற்று ஆள் 5 பேர். ஆக, 12 பேர் புறப்பட வேண்டும்.

உடனே கேள்விகள் கிளம்பும். பஸ்ஸில் செஞ்சிக்கு வந்து, அங்கிருந்து விழுப்புரம் போய் ரெயில் ஏறுவதா? அல்லது வேன் பிடிப்பதா? வழியில் எங்கே சாப்பிடுவது? போய் இறங்கியதும் எங்கே படுப்பது? யாருக்காவது கால் பிசகிவிட்டால் என்ன செய்வது? பணத்தை யார் வைத்துக்கொள்வது?

"ஒரு ராத்திரி ஆட்டத்துக்கா இவ்வளவு தொல்லை?" என்று வீட்டில் அம்மா கேட்பார்.

அந்த அம்மா இந்தக் கதையைக் கேட்க வேண்டும். 30 ஆட்டக்காரர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். 6 மாதம் கழித்துத்தான் வீடு திரும்பினார்கள். அதற்குள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார்கள்!

இது நடந்தது 1950-ம் ஆண்டில். அவர்கள் ஆடிய ஆட்டம், ரக்பி.

ரக்பி என்றால் என்ன?

ரக்பியும் ஒரு பந்தாட்டம்தான். ஆனால் பந்து உருண்டையாக இராது. முட்டை வடிவத்தில் நீண்டிருக்கும்.

ஒரு பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்பக்கம் எறியக்கூடாது. பக்கவாட்டிலோ, பின்பக்கமோதான் கொடுக்க வேண்டும். பந்தோடு ஓடுகிறவனை எதிரிகள் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவார்கள். ஒருவனை நாலு பேர் அமுக்குவதைப் பார்த்தால், நம் ஊர்ச் சடுகுடு நினைவுக்கு வரும்.

எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் புள்ளி கிடைக்கும். அதற்கு 1950-ல் 3 புள்ளி. இப்போது 5 புள்ளி. மொத்த ஆட்டம் 80 நிமிடம்.

இந்த ஆட்டத்துக்கும் நம் நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1872-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று கல்கத்தாவில் வெள்ளையர்கள் ரக்பி ஆடினார்கள். பிறகு அங்கே ஒரு சங்கமும் வைத்தார்கள். அந்தச் சங்கம் கலைந்தபோது, பாங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக வாங்கினார்கள். அவற்றை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் 3 நாகப்பாம்புகள்; மூடியின் மேல் ஒரு யானை! இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அந்தக் கோப்பைக்காகத்தான் மோதுகின்றன. அதன் பெயர், கல்கத்தா கோப்பை.

புறப்பட்டது கப்பல்

இனி நம் 30 பேரிடம் வருவோம்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய 4 நாடுகளின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த கோஷ்டி அது. 'லயன்ஸ்', அதாவது 'சிங்கங்கள்' என்று பெயர். தலைவர் கார்ல் மல்லன். அயர்லாந்துக்காரர்.

1950 ஏப்ரலில் லிவர்பூல் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். பனாமா கால்வாய் வழியாகப் போய், பசிபிக் பெருங்கடலைக் கடந்து, மே மாதம் நியூசிலாந்தில் இறங்கினார்கள். கடலில் மட்டும் ஒரு மாதத்துக்கு மேல்!

கப்பலில் பயிற்சி செய்வது எப்படி? மைதானத்தில் ஓடுவதுபோல் அங்கே ஓட முடியாது. தளம் ஆடிக்கொண்டே இருக்கும். பந்தை ஓங்கி உதைத்தால் கடலுக்குத்தான் போகும்! உடற்பயிற்சி செய்யலாம், தளத்தைச் சுற்றி வரலாம், பந்தைக் கைமாற்றிப் பழகலாம். அவ்வளவுதான். ஆனால் வேளை தவறாமல் சாப்பாடு வரும். கொஞ்சம் அசந்தால் உடம்பு பெருத்துவிடும்.

இந்தக் காலத்தைப் போல அவர்களோடு தனிப் பயிற்சியாளர் யாரும் போகவில்லை. கோஷ்டித் தலைவர்தான் பயிற்சியும் கொடுக்க வேண்டும். கணக்கு வழக்குக்கு ஒரு மானேஜரும் ஒரு காரியதரிசியும் உடன் சென்றார்கள்.

ஆட்டத்துக்குச் சம்பளமும் கிடையாது. ரக்பியில் காசு வாங்கி ஆடக்கூடாது என்பது அன்றைய சட்டம். 1995-ல்தான் அந்தச் சட்டம் மாறியது. வேலையையும் படிப்பையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். புகழ் பெற்ற ஜாக் கைல் அப்போது டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் அவர் ஆப்பிரிக்காவில் உள்ள ஜாம்பியா நாட்டில் பல்லாண்டுகள் அறுவை வைத்தியராக இருந்தார்.

மாற்று ஆள் இல்லை!

நியூசிலாந்தில் 23 ஆட்டம். ஊர் ஊராகப் போக வேண்டும். ஓர் ஊரில் ஆட்டம் முடிந்ததும் மூட்டை கட்டி, அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டும். ஜூன், ஜூலை மாதங்கள் அங்கே குளிர்காலம். மைதானம் சேறாகிவிடும். சட்டை காய்வதற்குள் அடுத்த பந்தயம் வந்துவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. அது காயம்.

அந்தக் காலத்து ரக்பியில், ஆட்டத்தின் நடுவே ஒருவருக்கு அடிபட்டால் வேறு ஆள் இறங்கக்கூடாது. 14 பேரோடுதான் ஆட வேண்டும். எலும்பு முறிந்தால் சொந்த நாட்டில் இருந்துதான் வேறு ஆள் வர வேண்டும். கப்பலில் வருவதற்குள் பந்தயங்களில் பாதி முடிந்துவிடும்!

பயந்தது போலவே நடந்தது. பின்வரிசைக் காவலரான ஜார்ஜ் நார்ட்டனுக்குக் காயம் பட்டது. அவரால் ஆட முடியவில்லை.

என்ன செய்தார்கள் தெரியுமா? லூயிஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் வாலிபரை ஆகாய விமானத்தில் வரவழைத்தார்கள்! அவருக்கு வயது 19. மற்றவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கடந்த தூரத்தை, அவர் சில நாட்களில் கடந்து வந்து சேர்ந்தார்.

அந்த வாலிபர் சும்மா வரவில்லை. நியூசிலாந்துடன் நடந்த 4-வது பெரிய பந்தயத்தில், தம்முடைய எல்லைக்கோட்டுக்குப் பின்னால் இருந்தே பந்தோடு கிளம்பினார். எதிரிகள் திகைத்து நின்றார்கள். அவர் கொடுத்த பந்தை வாங்கிய கென் ஜோன்ஸ், ஒரே ஓட்டமாக ஓடிப் புள்ளி எடுத்தார். கென் ஜோன்ஸ் 1948 ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர்!

ஆனாலும் அந்தப் பந்தயத்தில் நியூசிலாந்துதான் 11-8 என்று வென்றது. 4 பெரிய பந்தயங்களில் ஒன்று சமம். மூன்றில் லயன்ஸ் தோற்றார்கள். அடுத்து ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கே 2 பெரிய பந்தயங்களிலும் வெற்றி பெற்றார்கள்.

நியூசிலாந்துக்காரர்களின் வீரத்தையும் சொல்ல வேண்டும். 3-வது பந்தயத்தில் அவர்களுடைய தலைவர் ரான் எல்விட்ஜ் பலத்த காயம் பட்டு வெளியே போனார். மாற்று ஆள் கிடையாது அல்லவா? வலியோடு திரும்பி வந்தார். வந்து புள்ளியும் எடுத்தார். நியூசிலாந்து 6-3 என்று வென்றது.

கொழும்பில் ஒரு நாள்

வீடு திரும்பும் வழி, சூயஸ் கால்வாய். ஆஸ்திரேலியாவில் இருந்து சூயஸ் போகும் கப்பல்கள் கொழும்பில் நிற்பது வழக்கம்.

கொழும்பு நமக்கு அன்னியமா? நம் தமிழ் மக்கள் எத்தனையோ பேர் 'கண்டிச் சீமை'க்குப் போய் உழைத்தார்கள். அவர்கள் பாடுபட்டு வளர்த்த தேயிலைத் தோட்டங்களின் துரைமார்கள்தான் டிக்கோயா, டிம்புலா போன்ற மலை ஊர்களிலும் ரக்பியைப் பரப்பினார்கள்.

1950 செப்டம்பரில் லயன்ஸ் கோஷ்டி கொழும்பில் இறங்கியது. குதிரைப் பந்தய மைதானத்தில் இலங்கைக் கோஷ்டியுடன் மோதியது. பல நாள் கப்பலில் இருந்த கால்கள். போதாததற்குக் கொழும்பு வெயில். ஆனாலும் லயன்ஸ் 44-6 என்று வென்றார்கள்.

அதோடு கப்பல் யுகம் முடிந்தது. 1955-ல் தென் ஆப்பிரிக்கா போன லயன்ஸ் விமானத்தில் பறந்தார்கள்.

தலைவரை இழந்த பயணம்

இப்படிப்பட்ட பயணத்துக்கு எல்லாம் முதல் பயணம், 1888-ல் நடந்தது. பிரிட்டனில் இருந்து போன அந்தக் கோஷ்டி 35 ரக்பிப் பந்தயம் ஆடி, இரண்டில் மட்டுமே தோற்றது.

ஆனால் அதன் தலைவர் ராபர்ட் செடன் வீடு திரும்பவில்லை. ஆஸ்திரேலியாவில் ஓய்வு நாளில் ஹண்டர் ஆற்றில் படகு ஓட்டப் போனவர், நீரில் மூழ்கி இறந்தார். மைதானத்தில் எத்தனையோ முட்டி மோதல்களைத் தாங்கியவரை, ஓய்வு நாளில் ஆறு கொண்டுபோய்விட்டது. தலைவரைப் பறிகொடுத்த நண்பர்கள் மிச்சப் பந்தயங்களையும் ஆடி முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள்.

இன்று எப்படி?

2025-ல் லயன்ஸ் ஆஸ்திரேலியா போனார்கள். முதலில் அறிவித்த பட்டியலிலேயே 38 பேர். பயிற்சியாளர்கள், வைத்தியர்கள் என்று ஒரு படையே உடன் சென்றது. 3 பெரிய பந்தயங்களில் 2-1 என்று வென்றார்கள்.

இப்போது கடல் சீக்கு இல்லை. ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்திருக்கிறது. விமானம் ஒரு நாளில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அங்கே பகல், உடம்புக்கோ நடுராத்திரி! பசியும் தூக்கமும் சரியாக வருவதற்குப் பல நாள் ஆகும். அதனால்தான் கோஷ்டிகள் பந்தயத்துக்குச் சில நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

நம் ஊர் வாலிபர்களுக்கு

இனி அவலூர்பேட்டைக்குத் திரும்புவோம்.

சரக்கு வண்டியில் நின்றுகொண்டே ராத்திரி முழுவதும் போய், பசியோடு இறங்கி, உடனே களத்தில் குதித்தால் என்ன ஆகும்? கால் தடுமாறும். கோஷ்டி தோற்கலாம். தோல்வி போகட்டும், பிள்ளை கை கால் முறிந்து வந்தால் அந்த வீடு என்ன பாடுபடும்? வழியில் வண்டி கவிழ்ந்தால் யார் பொறுப்பு?

ஆகையால், உட்கார்ந்து போகும் வண்டியில் போங்கள். ஒரு வேளை முன்னதாகப் போய்ச் சேருங்கள். பழகிய உணவைச் சாப்பிடுங்கள். காயத்துக்கு மருந்தும் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். பணத்துக்கும் பயணத்துக்கும் ஆடாத பெரியவர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆடி முடித்த களைப்போடு ஏரியிலோ, கிணற்றிலோ குதிக்காதீர்கள்.

கோப்பையோடு வந்தால் ஊர் மேளம் கொட்டும். கோப்பை இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை. போன 12 பேரும் நல்லபடி திரும்பி வரவேண்டும். வாசலில் விளக்கை அணைக்காமல் காத்திருக்கும் அம்மாவுக்கு அதுதான் வெற்றி!