ஆக்சிஜன் என்னும் பெயர்

நாம் உயிர்வளி என வழங்கும் ஆக்சிஜனின் பெயருக்கும் உயிருக்கும் தொடர்பு யாதும் இல்லை. கிரேக்க மொழியில் ‘ஆக்சி’ என்னும் முன்னொட்டு கூர்மையையும் புளிப்பையும் குறிக்கும். ‘ஜென்’ என்பது பிறப்பித்தலைக் குறிக்கும். ஆகவே ஆக்சிஜன் என்பதன் பொருள் ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்பதாம்.

இப்பெயரை இட்டவர் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர். அவர் கந்தகத்தையும் பாஸ்பரசையும் எரித்து ஆராய்ந்தார். அவை இவ்வளியோடு கூடி எரிந்து, பின் நீரிற் கரைந்து அமிலங்களாயின. எனவே, எவ்வமிலத்துள்ளும் இவ்வளி இருந்தே தீரும் என அவர் துணிந்தார். 1787-இல் அவரும் அறிஞர் மூவரும் வெளியிட்ட வேதியியற் பெயரமைப்பு நூலில் அத்துணிபே பெயராய் நிலைத்தது. செருமானியரும் அதனைப் ‘புளிப்புப் பொருள்’ என்றே தம் மொழியிற் பெயர்த்துக்கொண்டனர். பெயரோடு கருத்தும் கடல் கடவாமலே பரவிற்று!

ஆனால், ஹைட்ரோகுளோரிக் அமிலம் இக்கொள்கைக்கு அடங்கவில்லை. அதனுள் ஹைட்ரஜனும் குளோரினுமேயன்றி ஆக்சிஜன் சிறிதும் இல்லை என்பதை ஆங்கில அறிஞர் ஹம்பிரி டேவி 1810-இல் எடுத்துக்காட்டினார். கொள்கை வீழ்ந்தது, பெயர் வீழவில்லை. அதற்குள் ‘ஆக்சைடு’ முதலிய சொற்கள் அதனினின்று கிளைத்துவிட்டன. அமிலங்களுக்குப் புளிப்பைத் தருவது ஹைட்ரஜனே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அதற்கோ, லவாய்சியர் குழுவினர் ‘நீரைப் பிறப்பிப்பது’ என்று முன்னரே பெயரிட்டிருந்தனர்.