கண்ணாடி இழைக்கு ஒரு பிசின் சட்டை

கண்ணாடி என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது எது? "பார்த்து எடு, உடைந்துவிடும்" என்ற எச்சரிக்கைதான். விளக்குச் சிம்னியோ, மூக்குக்கண்ணாடியோ, மருந்துப் புட்டியோ, எதுவானாலும் கை தவறினால் நொறுங்கிவிடும். அப்படிப்பட்ட கண்ணாடியைத் தலைமயிர்ப் பருமனுக்கு இழுத்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணுக்கடியிலும் கடலடியிலும் கிடத்தி, அதன் வழியே உலகத்தின் பேச்சையும் படங்களையும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இது எப்படி இயன்றது?

"மிகத் தூய்மையான கண்ணாடியைச் செய்யக் கற்றுக்கொண்டோம்" என்பது பாதி விடைதான். மறுபாதி, அந்த இழையின்மேல் படிந்திருக்கும் மெல்லிய பிசின் பூச்சில் இருக்கிறது. முதற்பாதியைப் பாடநூல்களில் படிக்கிறோம். மறுபாதியை அறிந்தவர்கள் குறைவு. இரண்டையும் இங்கே காண்போம்.

ஒளி இழைக்குள் எப்படி நிற்கிறது?

ஒளியிழை என்பது ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இருவகைக் கண்ணாடி. நடுவில் உள்ளகம், அதைச் சுற்றி உறை. இரண்டும் சிலிக்காவால் ஆனவை. ஆனால் உள்ளகத்தில் சிறிதளவு ஜெர்மானியம் ஆக்சைடு கலந்திருப்பதால் அதன் ஒளிவிலகல் எண் உறையினுடையதைவிடச் சற்று அதிகம். அடர்மிகு ஊடகத்திலிருந்து அடர்குறை ஊடகத்தின் எல்லையை மிகவும் சாய்வாகச் சென்று தொடும் ஒளி, வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்த முழு அக எதிரொளிப்புத்தான் ஒளியை இழைக்குள் சிறைப்படுத்துகிறது.

தொலைதொடர்பில் பயன்படும் இழையின் உறையோடு சேர்ந்த விட்டம் 125 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. நெடுந்தூர இழைகளில் உள்ளகம் மட்டும் சுமார் 9 மைக்ரோமீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இழையில் இருக்கும் கண்ணாடியின் எடை ஏறத்தாழ 27 கிராம்தான்!

இருபது மீட்டரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்ட் ஹாப்கின்சும் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் இழைக்கற்றை வழியே உருவங்களைக் கடத்திய ஆய்வு 1954இல் வெளியாயிற்று. உடலின் உட்பகுதியைப் பார்க்க உதவும் கருவிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. தொலைதொடர்புக்கு அது போதவில்லை. அன்றைய நல்ல கண்ணாடியில்கூட ஒளி 20 மீட்டர் செல்வதற்குள் நூறில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும்.

1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் இருந்த ஸ்டாண்டர்டு டெலிகம்யூனிகேஷன் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குற்றம் கண்ணாடியினுடையது அன்று, அதில் கலந்துள்ள இரும்பு போன்ற மாசுகளே ஒளியை விழுங்குகின்றன என்பது அவர்கள் கருத்து. ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபல் என்ற அளவுக்கு இழப்பைக் குறைத்துவிட்டால், அதாவது ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால், தொலைதொடர்புக்கு அது உதவும் என்று அவர்கள் கணக்கிட்டுக் கூறினர்.

1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராபர்ட் மோரர், டொனால்ட் கெக், பீட்டர் ஷூல்ட்ஸ் ஆகிய மூவரும் அந்த எல்லையைத் தாண்டினர். இழப்பு 17 டெசிபல்! ஆனால் டைட்டானியம் கலந்த அந்த இழையைச் சூடுபடுத்திப் பதப்படுத்த வேண்டியிருந்தது. பதப்படுத்தியதும் அது எளிதில் ஒடியும் பொருளாகிவிட்டது. 1972இல் டைட்டானியத்துக்குப் பதிலாக ஜெர்மானியம் சேர்த்தார்கள். பதப்படுத்தும் தேவை நீங்கியது. இழப்பும் 4 டெசிபலாகக் குறைந்தது. 1979இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 0.2 டெசிபலை எட்டினார்கள். நூறில் ஒரு பங்காகத் தேய ஒளி இப்போது 100 கிலோமீட்டர் செல்ல வேண்டும். இருபது மீட்டர் எங்கே, நூறு கிலோமீட்டர் எங்கே!

கண்ணாடியின் பலவீனம் எங்கே இருக்கிறது?

ஒளி செல்லும் வழி சரியாயிற்று. இழை உடையாமல் இருக்க வேண்டுமே? இதற்கான விடையைத் தேடி நாம் 1921க்குச் செல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் விமானப் பொறியியல் ஆய்வு நடத்திவந்த ஏ. ஏ. கிரிஃபித், கண்ணாடிக் கம்பிகளை இழுத்து இழுத்து அறுத்துப் பார்த்தார். கம்பி மெல்லியதாக ஆக, சதுர அங்குலத்துக்கு அது தாங்கும் பளு கூடிக்கொண்டே போயிற்று. அவர் சோதித்த மிக மெல்லிய இழையின் வலிமை, சாதாரணக் கண்ணாடியினுடையதைப்போல் சுமார் 20 மடங்கு!

காரணம் என்ன? கண்ணாடியின் அணுப் பிணைப்புகள் இயல்பிலேயே மிக உறுதியானவை. அதன் மேற்பரப்பில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத கீறல்களே அதைக் காட்டிக்கொடுக்கின்றன. இழுக்கும்போது விசை முழுவதும் கீறலின் கூரிய முனையில் குவிகிறது. அங்கே பிளவு தொடங்கி ஓடுகிறது. துணியின் விளிம்பில் சிறிது கத்தரித்துவிட்டு இழுத்தால் சரசரவென்று கிழிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கதைதான். உலோகத்தில் அப்படி விசை குவிந்தால் அந்த இடம் சற்று வளைந்து, நெகிழ்ந்து கொடுத்துவிடும். கண்ணாடிக்கு அந்த நெகிழ்வு கிடையாது.

உலையிலிருந்து அப்போதுதான் இழுக்கப்பட்ட, எதன்மீதும் படாத சிலிக்கா இழை ஏறத்தாழ 6 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டாலும் தாங்கும். அதில் ஒரு மைக்ரோமீட்டர் ஆழத்துக்குக் கீறல் விழுந்தால் வலிமை ஏழெட்டில் ஒரு பங்காகிவிடும். விரல் பட்டாலோ தூசி ஒன்று உரசினாலோ போதும். நீராவியும் அதற்கு ஒரு பகைவன். இழுவிசையில் இருக்கும் கீறலின் முனையில் நீர் மூலக்கூறுகள் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பை வெட்டுகின்றன. ஆகவே இன்று தாங்கும் எடையை அதே இழை பல மாதங்களுக்குப் பிறகு தாங்காமல் போகலாம்.

ஒரு தீர்வுதான் உண்டு. இழை பிறந்த சில நொடிகளுக்குள், உலகில் எதுவும் அதைத் தொடுவதற்கு முன்பாகவே, அதற்கு ஒரு சட்டை போட்டுவிட வேண்டும்.

பிறந்தவுடன் சட்டை

இழை உருவாகும் இடம் பல மாடி உயரமுள்ள ஒரு கோபுரம். அதன் உச்சியில் தடித்த கண்ணாடித் தண்டு ஒன்று, சுமார் 2,000 செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் இளகி, பாகுபோல் கீழே இழுபடுகிறது. இறங்கும் வழியில் ஹீலியம் வாயு அதைக் குளிர்விக்கிறது. பிறகு நீர்மப் பிசின் நிரம்பிய சிறு கிண்ணத்தின் நடுவே புகுந்து வெளிவருகிறது. கண்ணாடி எந்தத் திடப்பொருளையும் தொடுவதில்லை. அதை முதன்முதலில் தொடுவது பிசின்தான்.

1976இல் பெல் ஆய்வுக்கூடத்தினர், எப்பாக்சி அக்ரிலேட் என்னும் பிசினைப் பூசிய இழைகளை ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு எடுத்துச் சோதித்தனர். அவை 3.5 கிகாபாஸ்கலுக்கு மேற்பட்ட இழுவிசையைத் தாங்கின. வீடு கட்டும் எஃகுக் கம்பியின் வலிமையைப்போல் இது பல மடங்கு. சிறு துண்டில் மட்டும் காண முடிந்த வலிமையைக் கிலோமீட்டர்க் கணக்கிலும் காக்க முடியும் என்பது இதனால் உறுதியாயிற்று.

ஒரு சட்டை போதாது

இதற்குள் வேறொரு சிக்கல் தலைகாட்டியது. நேராகக் கிடக்கும்போது நன்றாக ஒளி கடத்திய இழை, உருளையில் சுற்றியதும் அல்லது கேபிளுக்குள் வைத்ததும் ஒளியை இழந்தது. ஆராய்ந்தபோது, பக்கத்திலுள்ள பொருள்களின் மேடுபள்ளங்கள் இழையை நுண்ணிய அளவில் அங்கங்கே வளைப்பது தெரிந்தது. இந்த நுண்வளைவுகளில் ஒளி உள்ளகத்தை விட்டுக் கசிந்துவிடுகிறது.

கடினமான பூச்சைப் பூசினால் வெளியிலிருந்து வரும் அழுத்தம் நேரே கண்ணாடிக்குப் போகும். மென்மையான பூச்சைப் பூசினால் அது எளிதில் சிராய்ந்துவிடும். 1975இல் பெல் ஆய்வுக்கூடத்தின் டெட்லெஃப் குளோக் கணக்கிட்டுக் காட்டிய வழி இரண்டையும் சேர்ப்பது: உள்ளே மெத்தை, வெளியே ஓடு. முட்டையோ பலாக்கொட்டையோ, இயற்கை தன் பொருள்களைக் காப்பதும் ஏறத்தாழ இப்படித்தான்.

இன்றைய இழைகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பு உடையவை. கண்ணாடியை ஒட்டியுள்ள முதற்பூச்சு ரப்பரைவிட மென்மையானது. அதற்கு மேலுள்ள இரண்டாம் பூச்சு அதைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு விறைப்பானது. இரண்டும் சேர்ந்தபின் விட்டம் சுமார் 250 மைக்ரோமீட்டர். இப்படிப் பார்த்தால் 'கண்ணாடி இழை' என்று நாம் சொல்லும் பொருளின் கன அளவில் முக்கால் பங்கு பிசின்தான்!

முதற்பூச்சு கடுங்குளிரிலும் மென்மை மாறாமல் இருக்க வேண்டும். விறைத்தால் சுருங்கி, அதுவே நுண்வளைவை உண்டாக்கிவிடும். அது கண்ணாடியை இறுகப் பற்றவும் வேண்டும். பிசின் நீராவியை முற்றிலும் தடுக்காது. ஆனால் பற்று நன்றாக இருந்தால் கண்ணாடிக்கும் பூச்சுக்கும் இடையே நீர் தேங்காது. இதற்காகச் சிலேன் வகைச் சேர்மங்களைச் சிறிதளவு கலக்கிறார்கள். அவற்றின் ஒரு முனை கண்ணாடியோடும் மறுமுனை பிசினோடும் பிணைந்துகொள்ளும்.

பிசினைத் தேர்ந்தெடுப்பதில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ஜப்பானில் தொடக்கக் காலத்தில் உள்ளே சிலிக்கோனும் வெளியே நைலானும் பூசினார்கள். வலிமை சரியாகவே இருந்தது. ஆனால் சில சிலிக்கோன்கள் மெல்ல மெல்ல ஹைட்ரஜன் வாயுவை வெளிவிட்டன. மிகச் சிறிய மூலக்கூறான ஹைட்ரஜன் கண்ணாடிக்குள் ஊடுருவி ஒளியை விழுங்கத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தபின், பூச்சின் வேதியியலையும் கண்ணாடியின் வேதியியலையும் தனித்தனியே பார்க்க இயலாது என்பது எல்லாருக்கும் விளங்கியது.

இமைப்பதற்குள் இறுகும் பிசின்

கோந்து காயப் பல மணி நேரம் ஆகிறது. எப்பாக்சி ஒட்டும் பசைகள் பலவும் இறுக நிமிடங்கள் வேண்டும். ஆனால் இன்றைய கோபுரங்களில் இழை நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில்கூட இறங்குகிறது. அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். பூச்சு காய்வதற்குள் இழை சுருளில் சுற்றிக்கொண்டால் எல்லாம் ஒட்டிப் பாழாகிவிடும்.

இங்கே கைகொடுத்தது புறஊதாக் கதிர். பூச்சுக்கான நீர்மத்தில் மூன்று முக்கியக் கூறுகள் உள்ளன: பூச்சின் தன்மையைத் தீர்மானிக்கும் யூரிதேன் அக்ரிலேட் என்னும் நீண்ட மூலக்கூறுகள்; குழம்பை நீர்க்கச் செய்து, தாமும் பிணைப்பில் சேர்ந்துகொள்ளும் சிறு மூலக்கூறுகள்; புறஊதாக் கதிர் பட்டதும் உடைந்து வினையைத் தொடக்கிவைக்கும் தூண்டிகள். தூண்டி உடைந்ததும் சங்கிலி வினை கிளம்பி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிவிடுகின்றன. ஒரு விளக்கை இழை கடந்துபோகும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு! காற்றிலுள்ள ஆக்சிஜன் இவ்வினையைத் தடுக்கும் என்பதால் விளக்கின் பகுதியில் நைட்ரஜனை நிரப்புகிறார்கள். பல் மருத்துவர் சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு நீல ஒளியைக் காட்டி இறுகச் செய்கிறாரே, அதுவும் இவ்வகை வினைதான்.

கோபுரத்திலிருந்து தெருவுக்கு

பூச்சு முடிந்ததும் இழை முழுவதையும் ஒரு விழுக்காடு நீளும் அளவுக்கு இழுத்துப் பார்க்கிறார்கள். பலவீனமான இடம் இருந்தால் ஆலையிலேயே அறுந்துவிடும். நாளை கடலடியில் அறுவதைவிட அது மேல் அல்லவா? பிறகு அடையாளத்துக்காக நீலம், ஆரஞ்சு, பச்சை என்று 12 வண்ண மைகளில் ஒன்றைப் பூசுகிறார்கள். அந்த மையும் புறஊதாவில் இறுகும் பிசினே.

அறுந்த கேபிளைச் சரிசெய்யும் பணியாளரைக் கவனித்துப் பாருங்கள். முதலில் சிறு கருவியால் பூச்சை உரிக்கிறார். சாராயம் நனைத்த தாளால் துடைக்கிறார். முனையை நேராக வெட்டி, மின்பொறியில் இரு முனைகளையும் உருக்கி ஒட்டுகிறார். உடனே அந்த இடத்தைச் சிறு குழல் உறையால் மூடிச் சூடுகாட்டிச் சுருங்கவைக்கிறார். சட்டையில்லாமல் இருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் இழைக்கு ஆபத்தான நேரம் என்பது அவருக்குத் தெரியும்.

இன்றைய பூச்சுக்கும் ஓர் எல்லை உண்டு. அக்ரிலேட் பிசின் சுமார் 85 செல்சியஸ் வரைதான் நெடுங்காலம் தாங்கும். எண்ணெய்க் கிணறுகளின் ஆழத்தில் வெப்பத்தை அளக்க இறக்கப்படும் இழைகளுக்குப் பாலிஇமைடு என்னும் வேறு பிசினைப் பூசுகிறார்கள்.

1988இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த முதல் ஒளியிழைக் கேபிள் ஒரே நேரத்தில் 40,000 பேச்சுகளைச் சுமக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2020இல் சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவுகள் அன்றுமுதல் இழையால் இணைந்தன. இத்தகைய கடலடிக் கேபிள்கள் 25 ஆண்டுகள் உழைக்குமாறு வடிவமைக்கப்படுகின்றன.

சார்லஸ் காவோவுக்கு 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது, தகுதியான பரிசு. ஆனால் அவர் கணக்கிட்ட கண்ணாடி இழை ஆய்வுக்கூட மேசையை விட்டு இறங்கி நம் தெருவுக்கு வந்து சேர்ந்ததற்குப் பிசின் கலந்த வேதியியலாரும், கீறலைத் தேடிய பொறியியலாரும், கோபுரத்தில் இழையை இழுத்த தொழிலாளரும் காரணம். வேதியியல் படிக்கும் மாணவர்களுக்குத் தகவல்தொடர்பில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், இழையின் முக்கால் பங்கு தங்கள் துறையினுடையது என்று அவர்கள் தயங்காமல் சொல்லலாம்.