காண்டாவனத்தில் எங்கே கூடாரம் அடிப்பது?

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஓரிரு நாட்களில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று பகல் 12 மணி 10 நிமிடமளவில் முற்றத்தில் ஓர் உலக்கையை நிமிர்த்தி வைத்தால் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். ஏப்ரல் 5ஆம் திகதியளவில் தீவின் தென்முனைக்கு மேல் வரும் சூரியன் பத்து நாட்களுக்குள் வடமுனையை எட்டுவதை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. ஓகஸ்ட் இறுதியில் அதே சூரியன் திரும்பும் வழியில் மறுபடியும் நம் உச்சிக்கு வருகிறது.

பாடசாலை விடுமுறை வருவதும் இந்தக் காலங்களில்தான். ஏப்ரலில் சாரணர் பாசறை. ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் புலம்பெயர் குடும்பங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாங்கிய கூடாரங்களோடு பிள்ளைகள் மணற்காட்டுக்கும் காரைநகர் கசூரினா கடற்கரைக்கும் கிளம்புகிறார்கள். வெளியில் தங்கிப் பழகுவது நல்ல பழக்கம். ஆனால் இந்த வெக்கையில் தங்குமிடத்தைத் தெரிவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாலைவனத்துக்கு எழுதப்பட்ட யோசனைகளை அப்படியே இங்கே பின்பற்றினால் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும்.

வடமராட்சியில் குடத்தனையைக் கடந்து மணற்காட்டுக்குள் இறங்கினால் பாலைவனம் என்றே தோன்றும். மணல்மேடுகளின் நடுவே புதையுண்டு நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தும். ஆனால் குடாநாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீற்றரளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடுவதால் மிச்ச மாதங்கள் வறண்டு கிடக்கின்றன. மண்தான் வறளுகிறது, காற்று வறளுவதில்லை. சுற்றிவரக் கடலும் இடையிடையே நீரேரியும் இருக்கும் நிலத்தில் காற்று எப்போதும் ஈரம் சுமந்தே வரும்.

உடலுக்கு இந்த வேறுபாடு பெரிது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் பிடித்தால் அது காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வை உலர்ந்து உடல் எந்த அளவுக்குக் குளிர முடியும் என்பதை அது சொல்லும். ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் 40 பாகை செல்சியஸ் வெயிலும் 15 சதவீத ஈரப்பதனும் இருந்தால் ஈரக்குமிழ் ஏறத்தாழ 21 பாகையில் நிற்கும். யாழ்ப்பாணத்தில் 33 பாகை வெயிலும் 75 சதவீத ஈரப்பதனும் இருந்தால் அது 29ஐத் தாண்டும். தாரில் நிழலும் தண்ணீரும் கிடைத்தால் தப்பிவிடலாம். இங்கே நிழலில் இருந்தாலும் வியர்வை உலராமல் வழியும். ஈரக்குமிழ் 35 பாகையை எட்டினால் மனித உடல் தாங்காது என்று 2010இல் ஷேர்வுட், ஹியூபர் ஆகிய இரு ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகத்தில் இளவயதினரைச் சோதித்தபோது, ஈரப்பதன் மிகுந்த சூழலில் 31 பாகையை அண்டியே உடல் தன் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறத் தொடங்கியது. நம் புழுக்கமான நாட்கள் அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இல்லை.

ஆகவே இங்கே முதலில் பார்க்க வேண்டியது காற்றை. நிழல் இரண்டாவது, கடற்காட்சி கடைசி. உடலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை நகர்த்தி வியர்வையை உலர்த்துவது ஓடும் காற்று ஒன்றுதான்.

வெப்பமானி ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டினாலும் ஏப்ரலும் ஓகஸ்டும் ஒன்றல்ல என்று நான் சொல்வது இதனால்தான். பங்குனி, சித்திரையில் வாடைக்காற்று ஓய்ந்துவிடும்; சோழகம் இன்னும் பிறந்திராது. பகலில் கரை சூடேறிய பிறகு கடற்காற்று வரும், பொழுதுபட்டதும் அதுவும் அடங்கும். அதற்குப் பிறகு விடியும்வரை புழுக்கம்தான். வைகாசியில் காண்டாவனம் எனப்படும் கோடை வெக்கை உச்சத்தில் இருக்கும்போதே தென்மேற்கிலிருந்து சோழகம் எழுந்துவிடும். பிறகு ஆவணி கடந்தும் அது ஓயாது. புழுதி வாரி அடித்தாலும் அதுவே இரவுகளைப் படுக்கக்கூடியவை ஆக்குகிறது. பொறுப்பாசிரியர்களுக்கு என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பிள்ளைகளைக் கூடாரத்தில் தங்கவைப்பதற்கு ஆண்டிலேயே மோசமான மாதம் ஏப்ரல். தை, மாசியில் வைக்க முடிந்தால் அதைப்போல நல்லது வேறில்லை. விடுமுறையில்தான் என்றால் ஓகஸ்ட் மேல்.

அடுத்தது தரை. நடுப்பகலில் உலர்ந்த மணலின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டும், வெறுங்காலோடு நிற்க முடியாது. அதே இடத்தில் ஒரு சாண் தோண்டிக் கையை வைத்துப் பாருங்கள், அந்தச் சூடு இருக்காது. மணிகளுக்கு இடையே அடைபட்ட காற்று சூட்டைக் கீழே இறங்க விடுவதில்லை. சூடு மேலோட்டமாகவே தங்குவதால் பொழுதுபட்ட பிறகு வெட்டவெளி மணல் அதை விரைவாக வானத்துக்குக் கொடுத்துவிட்டுத் தணிந்துவிடும். சுண்ணாம்புக்கல் அப்படியல்ல. அது சூட்டை ஆழமாக உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு இரவு முழுக்கக் கக்கும். கல் மேலெழுந்து கிடக்கும் கீரிமலைப் பக்கமோ, குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போகும் நெடுந்தீவின் பவளக்கல் மதில்களுக்கு உள்ளேயோ படுக்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அங்கே மதில்கள் காற்றையும் மறித்துவிடும்.

மரத்தடி பகலுக்கு உகந்தது, இரவுக்கு அல்ல. இலைக்கூரை வெயிலைத் தடுப்பதுபோலவே, இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போவதையும் தடுக்கிறது. இயல்பாகவே நம் ஈரக்காற்று அந்தச் சூட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சகாராவின் இரவு குளிர்வதும், நம் ஓகஸ்ட் இரவு 26, 27 பாகைக்குக் கீழே இறங்கத் தயங்குவதும் இதனாலேயே. எனவே பகலுக்கு ஓரிடம், இரவுக்கு ஓரிடம் என்று இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். பகலை வேம்பு, பூவரசு, புளி நிழலில் கழித்துவிட்டு, பாயை வெட்டவெளி மணலில் விரியுங்கள். நம் பாட்டன் பாட்டியர் பகலில் திண்ணையிலும் இரவில் முற்றத்திலும் படுத்தார்கள். பருத்தித்துறை தெருமூடி மடத்தைக் கட்டியவர்களும் இந்த அறிவோடுதான் கட்டினார்கள். வீதிக்கு மேலேயே கூரை, இருபுறமும் தூண்களும் உயர்ந்த கல் திண்ணைகளும், இரண்டு முனைகளும் திறப்பு. நடுமதியத்தில் அங்கே ஒரு கால் மணி நேரம் அமர்ந்து பாருங்கள்.

கடற்கரையில் இந்த அறிவை இன்றும் கையாள்கிறவர்கள் வாடி போடும் கடற்றொழிலாளர்கள். வாடியின் கூரை கிடுகு. உச்சி வெயிலில் அதன் அடிப்புறத்தைத் தொட்டால் சுடாது. தகரத்தைத் தொட்டால் கை பொரிந்துவிடும். பின்னலின் இடைவெளிகளால் உள்ளே தேங்கும் வெக்கை மேலேறி வெளியேறுகிறது. குளிர்நாட்டுக் கூடாரம் இதற்கு நேர்மாறானது. காற்றையும் மழையையும் தடுப்பதற்கென்றே மெல்லிய செயற்கைத் துணியால் தைக்கப்பட்ட அதனுள் காலை ஒன்பது மணிக்கே இருக்க முடியாது. அதைத்தான் பாவிப்பதென்றால், அதற்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டுக் கிடுகோ தறப்பாளோ கட்டுங்கள். வெயிலை மேல்கூரை வாங்கிக்கொள்ளும், இடையில் காற்று ஓடும். வாசலையும் யன்னலையும் காற்றின் போக்கில் எதிரெதிராகத் திறந்து வையுங்கள்.

மணல்மேட்டில் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். சோழக காலத்தில் மேட்டின் வடகிழக்குச் சரிவில் காற்று செத்துக் கிடக்கும், அது தூக்கிவந்த மணலும் அங்கேதான் கொட்டும். உச்சியில் காற்று தாராளம், ஆனால் மணலும் சேர்ந்து பறக்கும். லிபியப் பாலைவனத்தில் அலைந்து, வீசும் மணலைப் பற்றி 1941இல் நூல் எழுதிய பிரித்தானியப் படைப் பொறியியலாளர் ரால்ஃப் பாக்னோல்ட், மணிகள் தரையை ஒட்டித் தத்தித் தத்தியே நகர்கின்றன என்று காட்டினார். காற்று வரும் திசையில் ஒரு சவுக்கு வரிசை இருந்தால் அந்த மணல் அதன் அடியிலேயே படிந்துவிடும். காற்று மட்டும் மரங்களினூடாக வந்து சேரும். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த சரிவு பெரும்பாலும் நகராத சரிவு. ஆனால் அவற்றின் மேல் கூடாரம் அடிக்காதீர்கள். மேட்டைக் கட்டி வைத்திருப்பது அந்த வேர்கள்.

சவுக்கஞ் சருகு எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பை வெறுமணலில் குழி தோண்டிக் காற்றுக்குக் கீழ்ப்புறமாக வையுங்கள். பனையடி நிழல் என்று படுக்காதீர்கள். பனம்பழக் காலத்தில் கிலோக்கணக்கில் எடையுள்ள பழம் தலைக்கு மேல் தொங்குகிறது. சுருட்டை விரியன் இந்த மணற்பாங்கான பற்றைகளில் வாழ்கிறது, இரவில்தான் நடமாடும். கையில் விளக்கு இருக்கட்டும். கடித்தால் கீறவோ கட்டவோ செய்யாமல் மந்திகையில் இருக்கும் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள். நாகர்கோவில், முகமாலைப் பக்கங்கள் முன்னாள் போர்முனைகள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை ஒன்றைக் கண்டாலே அந்தத் திக்கில் கால் வைக்கக் கூடாது. 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் ஆன சுண்டிக்குளத்தில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தங்க முடியாது.

தண்ணீரைக் கடைசிக்கு வைத்தேன், அதுதான் எல்லாவற்றையும் முடிவுசெய்வது. கரையோர மணலில் பூவல் கிண்டினால் கடலுக்குக் கூப்பிடு தூரத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும். மணல் உறிஞ்சிய மாரி மழை, நிலத்தடி உவர்நீருக்கு மேலே ஒரு கிண்ணத்தின் வடிவில் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. அதனால் நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால் கீழே நாற்பது மீற்றர் வரை இருக்கும் என்று டச்சுப் படைப் பொறியியலாளர் பாடோன் கைபனும் ஜேர்மனியின் ஹெர்ஸ்பேர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டித் தனித்தனியே கண்டறிந்தார்கள். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதற்கு இதே காரணம்தான். இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு: மேலே ஒரு சாண் இறைத்தால் கீழேயிருந்து உவர் நாற்பது சாண் ஏறி வரக்கூடும். முப்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து லீற்றர் என்றாலும் குடிக்க மட்டுமே நாளுக்கு 150 லீற்றர் வேண்டும். வாளியால் அளவாக அள்ளினால் பூவல் தாங்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் கெடுவது உங்கள் பாசறை மட்டுமல்ல, அந்த ஊரின் குடிநீரும்தான். கழிப்பிடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது முப்பது மீற்றர் தள்ளி இருக்க வேண்டும்.

நான் மேலே சொன்ன அத்தனையும், இரவில் தணியும் தரையும் காற்றை வடிக்கும் சவுக்கும் பூவலில் ஊறும் தண்ணீரும், மணல்மேடு இருக்கும்வரைதான். வடமராட்சிக் கிழக்கில் சட்டவிரோதமாக மணல் அள்ளுவது இன்னும் நிற்கவில்லை. மேடு தாழ்ந்தால் நன்னீரின் கிண்ணமும் சுருங்கும். 2004 சுனாமியில் யாலவில் ஒரு விடுதியின் முன்னால் காட்சிக்காக மணல்மேட்டை வெட்டியிருந்த இடத்தினூடாகவே கடல் ஏறி வந்தது. நம்மவர்களுக்கு இதை உடுத்துறை சுனாமி நினைவிடத்தில் நின்று சொல்லத் தேவையில்லை. மணல் அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் கட்டாயம். மணற்காட்டுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கே மணல் ஏற்றும் வாகனத்தைக் கண்டால், அதன் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கிராம சேவையாளரிடமும் பொலிஸாரிடமும் அன்றைக்கே முறையிடுங்கள்.